மலைச் சைக்கிளும் வீட்டுக் கணக்கும்



மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு கட்டாயம் எழும். "இந்த வண்டி போதாது, இன்னும் நல்ல வண்டி வேண்டும்." பெரியவர்கள் 'ஆடம்பரம்' என்பார்கள். பிள்ளைகள் 'எல்லாரிடமும் இருக்கிறது' என்பார்கள். இரண்டு பேருமே வண்டியைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிப்போம்.

மலைச் சைக்கிள் எப்படித் தோன்றியது என்று பார்த்தால் நமக்கு ஒரு வழி கிடைக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் மாவட்டத்து மலைகளில், இளைஞர்கள் சிலர் முப்பது நாற்பது ஆண்டுப் பழைய கனத்த சைக்கிள்களில் மண்பாதை வழியே இறங்கினார்கள். 1976-இல் அது போட்டியாகவே மாறியது. அந்த வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். ஒரே இறக்கத்தில் பின்சக்கர அச்சு சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். மறுபடி இறங்கவேண்டுமானால் பிரித்துப் புது கிரீஸ் அடைக்கவேண்டும். ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு 'ரீபேக்' என்று பெயர். பாதைக்கும் அதுவே பெயராயிற்று. அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் மலைக்கென்றே புதிய ஃபிரேம் செய்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்த ஓட்டம் இடம்பெற்றுவிட்டது.

அவர்களுக்கு எதை மாற்றவேண்டும் என்று விளம்பரம் சொல்லவில்லை, புகைந்த பிரேக் சொன்னது. நம் பிள்ளையிடமும் நாம் கேட்கவேண்டியது, "உன் வண்டி எந்த இடத்தில் உன்னைக் கைவிடுகிறது?" என்பதே.

கியர் நழுவுகிறது என்றால் முதலில் செயினை அளப்போம். புதுச் செயினில் ஒரு முள்ளிலிருந்து எண்ணினால் இருபத்து நான்காவது முள் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அந்த முள் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பின்பக்கப் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். இதற்காகப் புது வண்டி வாங்குவது வீண். முதுகு வலிக்கிறது என்றால் சீட்டின் உயரத்தைப் பார்க்கலாம். வழுக்குகிறது என்றால் டயரையும் காற்றையும் பார்க்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் பழுதுபார்த்தே சமாளிக்கலாம் என்பதும் சரியல்ல. மலைச் சைக்கிள் போலத் தோற்றம் மட்டும் கொண்ட மலிவான வண்டிகள் உண்டு. சிலவற்றில், கரடுமுரடான பாதைக்கு ஏற்றதல்ல என்று சிறிய எழுத்தில் ஒட்டியே விற்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் பிள்ளை பாறைச் சரிவில் இறங்குகிறான் என்றால், 'இருப்பது போதும்' என்று நாம் சொல்வது சிக்கனம் அல்ல. ஒன்று, அவன் அந்தச் சரிவுக்குப் போகக்கூடாது. அல்லது, தக்க வண்டி வேண்டும். பழைய ஃபிரேமில் விலையுயர்ந்த முன் சஸ்பென்ஷனை மாட்டிவிடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. பல சமயம் கழுத்துக் குழாயின் அளவே பொருந்தாது. பொருந்தினாலும் வண்டியின் விலையை அது தாண்டிவிடும்.

லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதை அறிவோம். நாம் பெரும்பாலும் விலைச்சீட்டோடு கணக்கை முடித்துவிடுகிறோம். இருபுறமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு, ஓடிய மணிக்கணக்கை வைத்துப் பராமரிப்புச் செய்யவேண்டும். எண்ணெயும் சீல்களும் மாற்றவேண்டும். ஹைட்ராலிக் பிரேக்கில் காற்று புகுந்தால் எண்ணெயை ஏற்றி அதை வெளியேற்றத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் நம் ஊரில் இருக்கிறாரா? ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் இந்தச் செலவு வந்தால் எது தள்ளிப்போகும்? பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, தாளில் எழுதிப் பார்ப்போம். கூட்டல் போடுவது அவனாகவே இருக்கட்டும்.

வாங்குவது என்று முடிவானால், பழைய வண்டி தங்கைக்குப் போகும். அவள் உயரத்துக்கு அந்த ஃபிரேம் ஒத்துவருகிறதா என்று நிற்கவைத்துப் பார்த்து, பிரேக் கட்டைகளை மாற்றிவிட்டுக் கொடுப்போம்.