தவளையும் பதிவேடும்



சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோ மீட்டர் கடல் கடந்தால் போர்ட் பிளேர் நகரத்தை அடையலாம். 2024ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அந்நகரின் ஒரு பகுதியே மரைன் ஹில். பிழைப்பு நாடி வந்து இந்நகரில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல. கப்பலேறி வந்தபோது நாம் நம் மொழியைக் கொணர்ந்தோம். முருங்கைக் கொம்பையும் கறிவேப்பிலைக் கன்றையும் கொணர்ந்தோம். மனிதர் இங்குக் கொணர்ந்தவை யாவும் தீவுக்கு நன்மை செய்தனவா என்பதே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

அந்தமான் நிக்கோபார் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு காடு. நெடுங்காலம் கடலாற் பிரிக்கப்பட்டிருந்தமையால், உலகில் வேறெங்கும் காணவியலாத உயிர்கள் இங்கே தோன்றி வாழ்கின்றன. நார்க்கொண்டம் என்னும் சிறு தீவில் மட்டுமே வாழும் இருவாய்ச்சிப் பறவை அவற்றுள் ஒன்று. ஓர் அங்குல அளவே உள்ள தேரையொன்று 2016ஆம் ஆண்டிலேதான் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. பெயரிடப்படாத உயிர்கள் இன்னும் எத்தனையோ!

இத்தகைய தீவில் புதிய உயிரொன்று புகுந்தால், அதனை அடக்கும் பகை இங்கிராது. ஆங்கிலேயர் ஆட்சியில் கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான், புலியும் சிறுத்தையும் இல்லாத காடுகளில் பெருகி, முளைக்கும் கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுகிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் வசம் தீவுகள் இருந்த காலத்தில் வந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை, இன்றும் காய்கறித் தோட்டங்களை அழிக்கிறது.

அண்மையில் வந்த விருந்தாளியை நேயர்கள் நன்கறிவார்கள். மழை பெய்ததும் நம் ஊர் வயல்களில் மஞ்சள் நிறம் பூண்டு உரக்கக் கத்தும் பெருந்தவளைதான் அது. தாயகத்தில் அது உழவனுக்கு நண்பன். இங்கோ, குளங்களில் விடுவதற்கெனக் கொண்டுவந்த மீன் குஞ்சுகளோடு கலந்து வந்து, தீவு தீவாகப் பரவியது. அது சிறு பல்லிகளையும் தவளைகளையும் விழுங்குகிறது. உழவர் வளர்க்கும் கோழிக்குஞ்சையும் விடுவதில்லை. அதன் தலைப்பிரட்டைகளோடு இத்தீவுக்கே உரிய தவளையினங்களின் தலைப்பிரட்டைகளை ஒரே தொட்டியில் விட்டு ஆய்வாளர்கள் சோதித்தபோது, தீவின் குஞ்சுகள் உயிர் பிழைக்கவில்லை. எவரும் தீங்கு எண்ணிச் செய்ததன்று இது. ஒரு வாளித் தண்ணீரைக் கூர்ந்து நோக்காததன் விளைவு.

இதனைத் தடுக்க வழி யாது? 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒரு வழி வகுத்துள்ளது. அதன்படி அமைந்த தேசிய ஆணையத்தின் தலைமையிடம் நம் சென்னையிலேயே இருக்கிறது. தீவுகளின் அளவில் அந்தமான் நிக்கோபார் பல்லுயிர் மன்றம் பணிபுரிகிறது. ஊராட்சி, நகராட்சி ஒவ்வொன்றும் ஒரு குழு அமைத்து, தன் எல்லைக்குட்பட்ட செடி, கொடி, பறவை, மீன், மருத்துவ அறிவு ஆகியவற்றை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைத்தல் வேண்டும் என்பது விதி. எது நம்மிடம் உள்ளது என்று எழுதி வைத்தாலன்றோ, எது குறைந்தது, எது புதிதாக நுழைந்தது என்று அறிய முடியும்?

அப்பதிவேட்டை அதிகாரிகள் மட்டும் எழுதிவிட முடியாது. மீனவர் வலையில் கண்டதும், தோட்டக்காரர் வேலியோரம் கண்டதும், மூதாட்டி மூலிகையாய் அறிந்ததும் சேர்ந்தால்தான் அது நிறைவுறும். பிறந்த மண் இதுவன்று என்று நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. புதியதொரு தவளையின் குரலைக் கேட்டவுடன், 'இது எங்கள் ஊர்த் தவளையாயிற்றே' என்று அடையாளம் சொல்லக்கூடியவர்கள் நாமே அல்லவா?

ஆகவே மூன்று செயல்களை மேற்கொள்வோம். தாயகத்திலிருந்து செடியோ, மீன் குஞ்சோ, வளர்ப்புயிரோ கொணருமுன் உரிய அலுவலரைக் கேட்போம். வளர்த்துச் சலித்த உயிரைக் காட்டிலும் ஓடையிலும் விடாதிருப்போம். நம் பகுதிப் பதிவேட்டிற்கு நாமறிந்ததைச் சொல்வோம்.

அசாமில் வாழினும் மும்பையில் வாழினும், நேயர்களே, உங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் இச்சட்டம் உண்டு, பதிவேடும் உண்டு. நமக்கு இடம் தந்த மண்ணின் உயிர்களுக்கு நாம் இடம் விடுதல் கடன்.