இலையும் மருந்தும் ஒன்றல்ல

(கூடலூரில் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளி வாசலிலும் வீட்டு முற்றத்திலும் அழகுக்காக நித்தியகல்யாணி வளர்க்கிறோம். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு உலகெங்கும் தரப்படும் வின்கிரிஸ்டின் இதன் இலையிலிருந்து கிடைத்த மருந்து. இதைச் சொன்னதும் மாணவர் கேட்பார்: “அப்படின்னா இலையைத் திங்கலாமா சார்?” இதற்கு நாம் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஜமைக்காவில் இந்த இலையைக் கொதிக்கவைத்து நீரிழிவுக்குக் குடித்தார்கள். 1952-இல் அங்கிருந்து 25 இலைகள் அஞ்சலில் கனடாவுக்குப் போயின. ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்குப் புகட்டினார், சர்க்கரை குறையவில்லை. ஊசியில் செலுத்தியபோது எலிகள் நோய்த்தொற்றால் இறந்தன. காரணம், ரத்த வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அதே இலையில் கிடைத்த வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963-இல் ஒப்புதல் கிடைத்தது.

செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்கள் உருவாவதை இம்மருந்துகள் தடுக்கின்றன. நல்ல செல்களையும் இவை விட்டுவைப்பதில்லை. ஆகவே அளவுதான் உயிர். வின்கிரிஸ்டினை ஒரு தடவைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் தருவதில்லை. அதுவும் ரத்தநாளத்தின் வழியாக மட்டுமே. ஒரு டன் காய்ந்த இலையில் தேறுவதோ சில கிராம். இச்செடியிலோ 100-க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் கலந்து கிடக்கின்றன. ஒரு கைப்பிடி இலையில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

வகுப்பில் ஒரு சோதனை செய்யுங்கள். கீரையை நசுக்கி, சிறிது ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிதாள் துண்டின் நுனியை அதில் நனைத்து நிறுத்துங்கள். பச்சையும் மஞ்சளும் தனித்தனியாக மேலேறும். ஓர் இலைக்குள் பல பொருள்கள் இருப்பதைக் குழந்தைகள் கண்ணால் காண்பார்கள். அருகில் தீ வேண்டாம். ஸ்பிரிட் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அரளியையும் மறக்காமல் சொல்லுங்கள். அதுவும் அழகுச் செடிதான். அதன் எல்லாப் பகுதியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு.

மருத்துவமனைச் சிகிச்சையை நிறுத்திவிட்டு இலைக் கஷாயத்தை நம்பும் குடும்பத்துக்கு நம் மாணவரே நாளை எடுத்துச் சொல்லலாம்: “மருந்து இந்த இலையிலிருந்து வந்தது, ஆனால் இந்த இலை மருந்தல்ல.” இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு.