அரிசியில் எழுதும் விரல்



முன்பள்ளியை நமது ஊர்களில் இன்றும் பலர் ‘மொன்ரிசோரி’ என்றே சொல்கிறார்கள். அது ஒரு மருத்துவரின் பெயர். 1870 இல் இத்தாலியில் பிறந்த மரியா மொன்ரிசோரி 1896 இல் மருத்துவரானார். மந்தபுத்தியுள்ளோர் என ஒதுக்கப்பட்டு, மனநோய் விடுதிகளில் அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளை உரோமாபுரியில் கண்டார். அவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே வேண்டும் எனத் துணிந்தார். பிரான்சிய அறிஞர்களான இற்றாட், செகுவின் ஆகியோரின் நூல்களைக் கற்றார். 1900 முதல் இரண்டாண்டுகள் அத்தகைய பிள்ளைகளோடு உழைத்தார். விரலால் தடவி அறியும் மர எழுத்துக்களைச் செய்து கொடுத்தார். அவர்களிற் சிலர் ஏனைய பிள்ளைகளுக்கான சோதனையிலும் தேறினர். எல்லோரும் வியந்தனர். அவரோ, “அப்படியானால் ஏனைய பிள்ளைகளைப் பின்னிழுத்து வைத்திருப்பது எது?” என்று சிந்தித்தார்.

அச்சிந்தனையின் பயனே, 1907 சனவரி 6 இல் ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் திறந்த ‘சிறுவர் இல்லம்’. 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944 இல் இலங்கைக்கும் வந்தார். ஒதுக்கப்பட்டோருக்கெனப் பிறந்த முறையே எல்லோருக்கும் உரியதாயிற்று.

எங்கள் அயலில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று. பேச்சுப் பிந்திவிட்டது. தாய் முன்பள்ளிக்குக் கூட்டிச் சென்றார். “இவர் மற்றப் பிள்ளையளைக் குழப்புவார், வீட்டிலையே வைச்சிருங்கோ” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். “மாஸ்ரர், இவனை ஆர் எடுப்பினம்?” என்று அத்தாய் என்னிடம் கேட்டார்.

கைதடியில் 1956 முதல் நஃபீல்ட் பாடசாலை செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறது. கோண்டாவிலில் 2004 இல் சிவபூமிப் பாடசாலை தோன்றியது. அவை செய்வது பெரும் பணி. ஆனால் அவை இருப்பது, மற்றப் பள்ளிகள் கதவைச் சாத்துவதற்கான அனுமதி ஆகாது.

விசயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் ‘அ’ எழுதுவிக்கிறோம். எழுத்தை முதலில் விரல்தான் அறிகிறது. பிந்திய பிள்ளை, முந்திய பிள்ளை என்ற பேதம் அந்த அரிசித் தட்டத்தில் இல்லை. பேதம் தொடங்குவது கொப்பியும் பென்சிலும் வந்த பின்னர்தான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலின் நிழல் அரிவரி வரைக்கும் நீண்டுவிடுகிறது.

மொன்ரிசோரி என்று வாசலில் எழுதியிருக்கும் பள்ளிகளிடம் நான் கேட்பது ஒன்றே. பேச்சுப் பிந்திய பிள்ளை வந்தால் ஒரு தவணையாவது வைத்துப் பாருங்கள். அந்தப் பெயருக்குரியவர் முதலில் கற்பித்தது அத்தகைய பிள்ளைகளுக்கே.