பங்காளி என்றால் யார்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'இன்ஜினியருக்குச் சட்டத்தில் என்ன வேலை?' என்று பின்வரிசையில் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. நான் வக்கீல் இல்லை. பத்திரம் படிக்கத் தெரிந்தவன் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். லீவுக்கு ஆரணி வந்தால் போதும், மஞ்சள் பையோடு யாராவது வாசலில் நிற்பார்கள்.

நம்ம ஊர் பட்டு நெசவாளர் வீட்டில் கூடத்திலேயே தறி. வீட்டைப் பிரித்தால் தறியையும் பிரிக்கவேண்டும். அப்போதுதான் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஆள் போகும்: "அக்கா, ஒண்ணுமில்ல, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ." அந்த 'ஒண்ணுமில்ல'வுக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பதிவானால் அந்தச் சொத்தில் அவர் பாத்தியதை முடிந்தது. ஏமாற்றி வாங்கினார்கள் என்றால், உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகவேண்டும். (இதே பெயரில் பஞ்சாயத்தார் கணவன் மனைவியைப் பிரித்தும் எழுதுகிறார்கள். ஜாதி வழக்கம் என்று நிரூபிக்க முடிந்தால் ஒழிய, அது விவாகரத்து ஆகாது.)

நம் பேச்சில் பங்காளி என்றால் அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். பெண் அதில் சேர்த்தி இல்லை. இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் சட்டமும் அப்படித்தான் இருந்தது. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் மகளும் பிறப்பாலேயே பங்காளி ஆனாள். ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை! ஒரே வீட்டில் 1987-இல் கல்யாணமான அக்காவுக்கு அந்த உரிமை கிடையாது, 1990-இல் கல்யாணமான தங்கைக்கு உண்டு. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்த வேலியை எடுத்தது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது.

'தாத்தா சொத்து, அதனால் பூர்வீகம்' என்பார்கள். அவசரப்படக் கூடாது. தாத்தா சுயமாகச் சம்பாதித்து, 1956 சட்டத்துக்குப் பின் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்த பங்கு அப்பாவின் தனிச்சொத்து. பேரன் பிறப்புரிமை கேட்க முடியாது. அப்பா அதை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். எழுதாமல் போனால் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அவர் தாய், எல்லோருக்கும் சம பங்கு.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், வாரிசுகள் யார் என்று மட்டுமே சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

சீதனம், வரதட்சணை இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறோம். சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து. கணவர் வீட்டுப் பீரோவில் இருந்தாலும் அவர்கள் வெறும் காவல்காரர்கள்தான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. வரதட்சணையோ 1961 முதல் குற்றம்; கொடுத்தே விட்டிருந்தாலும் அது பெண்ணுக்குத்தான் போய்ச் சேரவேண்டும்.

தங்கைகளே, பத்திர நகலை ரெண்டு நாள் முன்னாடியே கேட்டு வாங்குங்கள். சார்பதிவாளர் ஆபீஸ் திண்ணையில் வைத்துப் படிக்க முடியாது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஜீவனாம்சம் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம்.