பட்டாளமா, போலீஸா?
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இலக்கியம்பற்றிச் சிறிது பேசுமாறு செயலாளரவர்கள் எமக்குப் பணித்திருந்தார்கள். யாமும் அதற்கென்றே குறிப்புக்கள் எடுத்து வைத்திருந்தோம். ஆயினும், சென்ற சித்திரையில் எம் இல்லத்துத் திண்ணையில் எழுந்த ஒரு வினா எம்மை விட்டபாடில்லை. அதனை இவ்வவையின்முன் வைத்தல் இலக்கியப் பேச்சினும் பயனுடைத்தென்று கருதி, பொருளை மாற்றிக்கொள்கின்றோம். பொறுத்தருள்க.

எம் தமக்கையார் மகன் மேனிலைப் பள்ளித் தேர்வில் தேறியவன், பதினெட்டு வயதினன், ஓட்டத்தில் வல்லவன். அவன் வந்து, "மாமா, எனக்குச் சப்-இன்ஸ்பெக்டர் ஆக வேண்டுமென்று ஆசை. முதலில் பட்டாளத்திற் சேர்ந்துவிட்டுப் பிறகு போலீசுக்கு வரலாமென்று அப்பா சொல்கிறார். அம்மா அழுகிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான். யாம் உடனே விடை கூறவில்லை. ஒருமுறை உடனே கூறிப் பிழை செய்தோமாதலின் இம்முறை நாவடக்கினோம். அப்பிழையைப் பின்னர்ச் சொல்வோம்.

இவ்விரு தொழிலும் சீருடை அணிவன, அணிவகுத்து நடப்பன, ஆயுதம் ஏந்துவன. ஆதலின் ஒன்று மற்றொன்றிற்குப் படிக்கட்டு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். புறத்தோற்றத்தால் ஒத்தவை அகத்தாலும் ஒக்குமென்பது தவறு. படைவீரனுக்கு முன்னிற்பவன் பகைவன். அவனை வெல்லுதல் கடன். காவலனுக்கு முன்னிற்பவன் குடிமகன். அவன் குற்றவாளியே ஆயினும் அவனை உயிரோடும் ஊறின்றியும் நீதிமன்றத்திற் சேர்த்தல் கடன். 24 மணி நேரத்திற்குள் அவனை நடுவர்முன் நிறுத்தவேண்டுமென்பது நம் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்பு. அவன் தப்பியோடாதபடி தடுக்கத் தேவையான அளவிற்குமேற் கட்டுப்படுத்தலாகாதென்பது சட்டம். படைவீரன் விரைதல் வேண்டும். காவலன் வினாவுதல் வேண்டும்.

இதற்குச் சான்று தேடி வேற்றுநாடு செல்லவேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை நினைமின். பொற்கொல்லன் அழைத்துச் சென்ற ஊர்காப்பாளர் கோவலனைக் கண்ட அளவில், இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே என்று தயங்கினர். அத் தயக்கமே காவலறத்தின் தொடக்கம். பொற்கொல்லனோ கள்வரின் தந்திரங்களை அடுக்கிக் காட்டினான். இளையோன் ஒருவன், மழை பெய்த இருட்பொழுதில் உளியேந்திய கள்வனொருவன் தன் கைக்குத் தப்பிய கதையைச் சொல்லி அரசன் சினத்தை நினைவூட்டினான். அதற்குள், கல்வியறிவில்லாத, கள்ளுண்டு களித்த ஒருவன் வாளை வீசிவிட்டான். அவ்வொரு கணத்தின் விளைவாக ஒரு பேரரசன் உயிர்விட்டான். ஒரு மாநகர் எரிந்தது. தயங்கியவர்கள் இன்னும் ஒரு நாழிகை தயங்கியிருப்பாராயின்! போர்க்களத்தில் தயக்கம் குற்றமாகலாம். காவற்றொழிலில் அது பலகாலும் குணமாம்.

நம் நாட்டு வரலாற்றிலும் ஒன்று காண்போம். 1919 ஆம் ஆண்டு ஏப்பிரல் 13 ஆம் நாள் அமிர்தசரசில், ஜாலியன்வாலாபாக் என்னும் அடைப்பிடத்தில் கூடிய மக்களைக் கலைத்தல், உண்மையிற் காவற்றுறையின் வேலை. அதனைத் தளபதி டயர் போர்த்தொழிலாகச் செய்தார். சுமார் பத்து நிமிடத்தில் 1,650 குண்டுகள் பாய்ந்தன. அரசாங்கக் கணக்கின்படியே 379 பேர் மாண்டனர். கூட்டத்தைக் கலைக்கப் படையை அழைத்தல் இறுதி வழியே என்றும், அப்போதும் இயன்ற அளவு குறைந்த வலிமையே பயன்படுத்துதல் வேண்டுமென்றும் இந்நாளைச் சட்டம் விதிப்பதன் கருத்தை இதனால் உணரலாம்.

இங்ஙனம் கூறுவதால், பட்டாளத்தை யாம் இழித்துரைப்பதாக எவரும் கொள்ளற்க. 1758 இல் தொடங்கிய மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையம் நம் நீலகிரி வெலிங்டனில் உள்ளது. அங்கே பயின்று பனிமலையிலும் பாலைவனத்திலும் நின்ற நம் ஊர்ப் பிள்ளைகளை யாம் அறிவோம். எம்மிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் பத்தொன்பது வயதிற் படையிற் புகுந்து, பதினேழு ஆண்டு தொண்டாற்றி ஓய்வு பெற்று, முன்னாள் படைவீரர்க்குரிய ஒதுக்கீட்டில் தமிழ்நாட்டுக் காவற்றுறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தார். சென்ற பொங்கலன்று வந்திருந்தவரிடம் இவ்வினாவையே கேட்டோம். அவர் கூறியவற்றை ஏறக்குறைய அவர் வாய்மொழியாகவே தருகின்றோம்.

"ஐயா, பட்டாளம் எனக்குக் கொடுத்தது நேரந்தவறாமை, உடல்வலி, அச்சமின்மை. துப்பாக்கியைத் துடைக்கத் தெரியும். துப்பாக்கி எடுக்காமல் இருக்கவும் தெரியும். இருபத்தைந்து வயது சப்-இன்ஸ்பெக்டருக்கு முப்பத்தெட்டு வயதில் சல்யூட் அடிக்க முதல் மாதம் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, பிறகு போய்விட்டது. உண்மையான கஷ்டம் வேறு. சேர்ந்த புதிதில் சந்தைத் தெருவில் நடுவழியிற் கூடை வைத்த கிழவியைப் பார்த்து, பழைய பழக்கத்தில் அதட்டினேன். அவள் நடுங்கிப் போனாள். கூடையிலிருந்த தக்காளி உருண்டு ஓடிற்று. குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன். பதினேழு வருஷம் கற்றதில் பாதியை மறந்தால்தான் இந்த வேலை வருமென்று அன்றைக்குப் புரிந்தது, ஐயா."

அன்பர்களே, இச்சொல்லினும் சிறந்த விளக்கம் எம்மாற் கூறல் அரிது. நிலையத்திலே துப்பாக்கியினும் எழுதுகோலுக்கே வேலை மிகுதியென்றும் அவர் சொன்னார். முறையீடு கேட்டு எழுதுதல், முதல் தகவலறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம் ஆகிய இவற்றில் ஒரு சொல் பிறழின் குற்றமுள்ளவன் தப்புவான், குற்றமற்றவன் சிக்குவான். அதனாலன்றோ தேர்வில் தமிழ்மொழித் தகுதித் தாளும் வைத்துள்ளனர்!

இனிக் கணக்கிற்கு வருவோம். பெற்றோர்கள் செவிசாய்த்தல் வேண்டும். ஏனெனில் பழைய கணக்கை வைத்துக்கொண்டே பலர் அறிவுரை கூறுகின்றனர். மேலே சொன்ன எம் மாணாக்கர் பெற்ற வழி நெடுங்காலத் தொண்டு செய்து ஓய்வூதியத்தோடு வந்தவர்க்குரியது. 2022 ஆம் ஆண்டு சூன் 14 ஆம் நாள் மத்திய அரசாங்கம் அக்னிபத் என்னும் திட்டத்தை அறிவித்தது. அதன்படி பதினேழரை முதல் இருபத்தொரு வயதிற்குட்பட்டவர் நான்காண்டுக்கு அக்னிவீரராகச் சேர்வர்; முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே நிலையாக எடுத்துக்கொள்ளப்படுவர். அறிவித்தபடி முதலாண்டு மாத ஊதியம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேமநிதிக்குப் போக, கைக்கு வருவது 21,000. அரசாங்கமும் ஈடாகத் தொகையிட, நான்காண்டு முடிவில் வட்டி நீங்கலாக 10.04 இலட்சம் ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்னும் நிலையும் இல்லை.

இறுதிச் சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்க. நம் மாநிலக் காவலர் தேர்வில் முன்னாள் படைவீரர்க்கு நூற்றுக்கு ஐந்து இடம் ஒதுக்கீடு உண்டு. 2022 ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி 47 வயது வரை அவர் விண்ணப்பிக்கலாம். இவற்றை நம்பி அக்னிவீரராகச் செல்பவன் ஏமாற நேரும். மத்திய ஆயுதக் காவற்படைகளில் அக்னிவீரர்க்கு நூற்றுக்குப் பத்து இடம் என்று 2022 இலும், அரியானாவில் காவலர் பணியிற் பத்து என்று 2024 இலும், உத்தரப்பிரதேசக் காவற்றுறையில் இருபது என்று 2025 இலும் அறிவிப்புக்கள் வந்தன. காவற்றுறை மாநிலப் பட்டியலைச் சேர்ந்ததாதலின் ஒவ்வொரு மாநிலத்திற்கும் விதி வேறு. அயல்மாநிலச் செய்தியைப் படித்துவிட்டு நம் பிள்ளையின் வாழ்வை அமைத்தலாகாது. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை எழுத்தெண்ணிப் படித்தல் வேண்டும்.

வயதுக் கணக்கும் உண்டு. 2022 அறிவிக்கையில் இரண்டாம் நிலைக் காவலர்க்கு உச்ச வயது பொதுப்பிரிவினர்க்கு 26. பிற்பட்ட, மிகப் பிற்பட்ட வகுப்பினர்க்கு 28. ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு 31. பதினெட்டில் நான்காண்டுத் தொண்டிற் புகுந்தவன் இருபத்திரண்டில் வெளிவந்து, பின்னும் சில தேர்வுகள் எழுதலாம். இருபத்தொன்றிற் புகுந்தவனுக்கோ காலம் மிகக் குறுகும். சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குப் பட்டம் வேண்டும். நான்காண்டு எல்லையில் நின்றவன் தொலைநிலைக் கல்வியால் அதனை முடித்திராவிடின், வந்த பின்னர் மூன்றாண்டு கல்லூரிக்குச் செலவாகும்.

இப்பொழுது எம் பிழையைச் சொல்லுகின்றோம். 1999 ஆம் ஆண்டின் முற்பாதியிற் பிறந்த மாணாக்கர் ஒருவர் 2020 இன் தொடக்கத்தில் எம்மிடம் இவ்வினாவையே கேட்டார். யாம் சிறிதும் ஆராயாது, "முதலிற் பட்டாளம், பிறகு போலீஸ் தானே வரும்" என்றோம். பெருந்தொற்றினால் படைக்கு ஆளெடுத்தல் நின்றது. அவர் எம் சொல்லை நம்பிக் காத்திருந்தார்; அவ்வாண்டு வந்த காவலர் தேர்விற்கும் விண்ணப்பிக்கவில்லை. 2022 இல் புதுத்திட்டம் வந்து, அவ்வாண்டிற்கு மட்டும் வயது வரம்பு 23 என நீட்டப்பட்டபோது, அவர் அதனையும் சில மாதங் கடந்துவிட்டிருந்தார். பின்னர்க் காவலர் தேர்வெழுதித் தேறினார். இன்று அவர் தம் உடன்பயின்ற தோழருக்கு இரண்டாண்டு இளையராய் அதே மாவட்டத்திற் பணியாற்றுகின்றார். எம்மைக் காணுந்தோறும் வணங்குகின்றார். ஒரு சொல்லும் குறை கூறியதில்லை. அவ்வணக்கம் எமக்குச் சுடுகின்றது. ஒரு கதவு திறக்குமென்று நின்று, திறந்திருந்த கதவை அவர் விடும்படி செய்தவர் யாமே.

ஆதலின் மருமகனிடம் யாம் விடை கூறாது, மூன்று வினாக்களையே கொடுத்தனுப்பினோம். முதலாவது: போலீஸ் என்பது உலகில் இல்லையென்று வைத்துக்கொள், அப்போதும் நீ பட்டாளத்திற்குச் செல்வாயா? இரண்டாவது: நான்காண்டு கழித்து வெறுங்கையோடு வந்து, வரிசையின் கடைசியில் நிற்க நேர்ந்தால், அந்நான்காண்டை வீணென்பாயா? மூன்றாவது: உன்னை அங்கே செலுத்துவது உன் மனமா, பிறர் பணத்தேவையா?

இரண்டு நாள் கழித்து வந்தான். முதலிரண்டிற்கும் விடை சொன்னான், மூன்றாவதிற்குத் தலைகுனிந்தான். தங்கை திருமணத்திற்கு அந்தப் பத்து இலட்சம் உதவுமென்று தந்தையார் கணக்கிட்டிருந்தார். அது குற்றமன்று, ஏழைக் குடும்பத்துத் தந்தை வேறு எக்கணக்கைப் போடுவார்? ஆயினும் மனமின்றிப் போர்க்களத்தில் நிற்பவன் தனக்கும் உடனிற்பார்க்கும் இடர் ஆவான். யாம் தமக்கையார் கணவரோடு ஓர் இரவு முழுதும் பேசினோம். வட்டியில்லாக் கைம்மாற்று, பெண்ணின் படிப்பு முடியும்வரை திருமணத்தைத் தள்ளிவைத்தல் என்றிவை பற்றிப் பேசி, விடியற்காலையில் அவர் இசைந்தார். பையன் இன்று கல்லூரியிற் பயில்கின்றான். தேசிய மாணவர் படையிற் சேர்ந்துள்ளான். அதன் சான்றிதழுக்குக் காவலர் தேர்வில் சிறப்பு மதிப்பெண் உண்டு. விடியுமுன் எழுந்து 1,500 மீட்டரை ஏழு நிமிடத்திற்குள் ஓடிப் பழகுகின்றான்.

அதே தெருவில் மற்றொரு பிள்ளை அவ்வினாக்களுக்கு, "போலீஸ் கிடைக்காவிட்டாலும் எனக்குப் பட்டாளமே வேண்டும், ஐயா" என்று கண் ஒளிர விடையளித்தான். அவனை வாழ்த்தி அனுப்பினோம். செல்லுமுன் இரண்டு சொன்னோம்: இயன்றால் அங்கிருந்தே பட்டப்படிப்பைத் தொடர்க; வாரந்தோறும் தாய்க்குத் தமிழிற் கடிதம் எழுதுக. முன்னது பதவிக்கு, பின்னது தாய்க்கும் தேர்விற்கும்!

இளைஞர்களே! பட்டாளம் வேண்டுமென்று பட்டாளத்திற்குச் செல்க. காவற்றொழில் வேண்டுமாயின் நேரே அதற்கு முயல்க. ஒன்றை மற்றொன்றிற்கு ஏணியாகக் கொள்வீராயின் ஏணியையும் மதியீர். ஏறிய இடத்தையும் அறியீர். இரண்டையும் செய்ய வாய்க்குமாயின், எல்லையிற் பெற்ற வீரத்தை ஊர் நடுவே பொறுமையாக மாற்றிக்கொள்க. தக்காளி பொறுக்கிக் கொடுத்த அக்கை, துப்பாக்கி ஏந்திய கையினும் தாழ்ந்ததன்று.

பெற்றோர்களே! பிள்ளையின் வினாவிற்கு விரைந்து விடை கூறற்க. யாம் விரைந்தோம், ஓர் இளைஞர் இரண்டாண்டு இழந்தார்.