நம் வடிகால் போய்ச் சேரும் இடம்

(பூச்சி மருந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தீர்மானத்தின் மீது, நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முப்பத்து நான்கு வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். கணக்கு நேராகாமல் எழுந்து போய்ப் பழக்கமில்லை. இரண்டு நிமிடம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருள், பூச்சி மருந்து ஒப்பந்தம். வாரம் ஒரு முறை வளாகம் முழுக்கப் புகை. மாதம் ஒரு முறை சுவர் ஓரம், வடிகால், தோட்டம் எல்லா இடத்திலும் தெளிப்பு. எலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூலைக்கு மூலை எலி மருந்து. இதை இப்படியே புதுப்பிக்க வேண்டாம் என்று கேட்கத்தான் எழுந்து நிற்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாரப் புகை வேண்டும் என்று மூன்று வருடம் முன்பு இதே ஹாலில் சத்தம் போட்டவன் நான்தான். அப்போது என் பேத்திக்கு டெங்கு. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ராத்திரி பகல் தெரியாமல் தட்டணுக்கள் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நிலையில் பக்கத்து ஏரியில் எந்தப் பறவை இருக்கிறது என்றா யோசிப்பேன்? கொசு ஒழிந்தால் போதும் என்று இருந்தது. இங்கே சிறு குழந்தைகளை வைத்திருப்பவர்கள் என் பேச்சைச் சந்தேகமாகத்தான் கேட்பீர்கள். அதில் தவறில்லை.

குழந்தை வீடு திரும்பிய மறுநாள் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு பெண் வந்தார். கையில் டார்ச். நேராக எங்கள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய், அடியில் இருக்கும் தண்ணீர்த் தட்டை இழுத்துக் காட்டினார். அதில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. பால்கனியில் மணி பிளான்ட் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டிலும் அதேதான். "வெளியில எவ்வளவு புகை போட்டாலும் இது சாகாது சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ஊரையெல்லாம் குறை சொன்ன எனக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

அவர் சொன்னதுதான் உண்மை. புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவை அது தொடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடுவது, பெரும்பாலும் பகலில் கடிப்பது, வீட்டுக்குள் இருட்டு மூலையில் ஒதுங்குவது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். இன்று புகை போட்டாலும் நாளை மறுநாள் அடுத்த தலைமுறை பறக்கத் தயார். அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் புகை மருந்தை நோய் பரவும் அவசர நேரத்துக்கு உரியதாகச் சொல்கிறது. காலண்டர் பார்த்து வாராவாரம் போடுவதற்கு அல்ல.

சரி, பயன் குறைவு. இருந்துவிட்டுப் போகட்டும், கெடுதல் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு நம் வடிகால் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் வளாகத்து மழைநீர் தெரு வடிகாலில் சேர்ந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், பிறகு கடல். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீருக்கும் இதுதான் வழி. குப்பைமேடும் கட்டடமும் தின்றது போக மிஞ்சியிருக்கும் அந்தச் சதுப்பு நிலத்தில் ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலக அளவில் காப்பாற்ற வேண்டிய ஈரநிலம் என்று அதற்கு அர்த்தம். நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடம்.

மழை தொடங்கியதும் அங்கே கூழைக்கடாக்கள் வந்து இறங்கும். நடைப்பயிற்சி போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய உடம்பு, அலகுக்குக் கீழே பை, தண்ணீரில் படகு மாதிரி மிதக்கும். அது புள்ளி அலகுக் கூழைக்கடா. உலகத்திலேயே இந்தியா, இலங்கை, கம்போடியா என்று சில நாடுகளில்தான் அது கூடு கட்டுகிறது. பன்னாட்டுச் செம்பட்டியலில் அழிவு அபாயத்தை நெருங்கிய இனம் என்று குறித்திருக்கிறார்கள். முன்பு இதைவிட மோசமான வரிசையில் இருந்தது. வேடந்தாங்கல், கூந்தன்குளம், கர்நாடகத்தில் கொக்கரே பெல்லூர் போன்ற ஊர்களில் ஜனங்கள் தங்கள் ஊர் மரங்களிலும் ஏரிகளிலும் அதற்கு இடம் கொடுத்தார்கள். அது ஓரளவு மீண்டதற்கு இப்படிப்பட்ட பாதுகாப்பும் ஒரு காரணம்.

வேடந்தாங்கல் விவசாயிகள் நம்மைவிட நல்ல கணக்குப்பிள்ளைகள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்டார்கள். வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு வந்தபோது செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இலேயே பாதுகாப்பு உத்தரவு எழுதி வாங்கிவிட்டார்கள். இருநூறு வருடத்துக்கு முந்தைய குடியிருப்போர் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

கூழைக்கடாவுக்கு மீன்தான் சாப்பாடு. இனி மருந்துக் கதைக்கு வருகிறேன்.

டி.டி.டி. பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் பிள்ளைகளின் பிளஸ் டூ உயிரியல் பாடத்திலேயே அதன் கணக்கு இருந்தது. தண்ணீரில் நூறு கோடிப் பங்கில் 0.003 பங்கு டி.டி.டி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களில் அது பத்து லட்சத்தில் 0.04 பங்கு. அதைத் தின்னும் சின்ன மீனில் 0.5. அதைத் தின்னும் பெரிய மீனில் 2. மீனைத் தின்னும் பறவையில் 25. தண்ணீரிலிருந்து பறவைக்குப் போவதற்குள் ஏறக்குறைய 80 லட்சம் மடங்கு. எனக்குத் தெரிந்து எந்தக் கந்துவட்டியும் இப்படி ஏறியதில்லை. வட்டி கட்டுவதோ, கடனே வாங்காத பறவை.

அந்தப் பறவைகள் உடனே செத்து விழவில்லை. முட்டை ஓடு மெலிந்துபோனது. அடைகாக்கத் தாய் உட்கார்ந்தால் முட்டை நொறுங்கியது. பைரி என்னும் வல்லூறுக்கு இப்படி நடப்பதை இங்கிலாந்தில் டெரிக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் 1967-இல் எழுதினார். குளிர்காலத்தில் நம் சென்னைப் பக்கமும் வருகிற பறவைதான் அது. அமெரிக்காவின் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகு, அலாஸ்காவை விட்டுவிட்டுப் பார்த்தால், 1963-இல் 417 ஜோடிதான் கூடு கட்டியது. 1972-இல் அங்கே டி.டி.டி.யைத் தடை செய்தார்கள். கூடுகளுக்கும் பாதுகாப்புக் கொடுத்தார்கள். 2007-இல் ஜோடிகள் 9,700-ஐத் தாண்டின. அழியும் உயிரினப் பட்டியலிலிருந்தே அந்தக் கழுகை எடுத்துவிட்டார்கள். நேரத்தோடு நிறுத்தினால் இழந்ததை மீட்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் 1989 முதல் விவசாயத்தில் டி.டி.டி. கிடையாது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்த எண்டோசல்ஃபானை 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. ஆகவே நம் ஒப்பந்தக்காரர் கொண்டு வருவது அவை இல்லை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி மருந்துகள். இவை டி.டி.டி. போல உடம்பில் சேர்ந்துகொண்டே போவதில்லை. பறவைகளுக்கு நேரடி விஷமும் குறைவு. இதை நான் மறைக்கக் கூடாது. ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் தண்ணீர்ப் பூச்சிகளுக்கும் இவை மிகச் சிறிய அளவிலேயே எமன். அதாவது இங்கே வட்டிப் பிரச்சினை இல்லை, முதலே போய்விடுகிறது. பறவை பிழைக்கும், தட்டில் சாப்பாடு இருக்காது. கொசுப் புழுவைத் தின்னும் தட்டான்பூச்சிக் குஞ்சும் அதோடு சாகும். கொசு சீக்கிரம் திரும்பி வந்துவிடும். தட்டான் அவ்வளவு சீக்கிரம் வராது. காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனுக்குப் பயப்படுகிறோம்.

போன ஐப்பசியில் ஒரு மாலை தெளித்துவிட்டுப் போனார்கள். அன்று இரவு கொட்டித் தீர்த்தது. காலையில் பின்பக்க வடிகால் ஓரம் பதினோரு தவளைகள் மல்லாந்து கிடந்ததை நானும் வாட்ச்மேனும் எண்ணினோம். மருந்துதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. வங்கியில் இதைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். ஆனால் சஸ்பென்ஸ் கணக்கை விசாரிக்காமல் விடுபவன் நல்ல குமாஸ்தா இல்லை. அன்று என்ன மருந்து, எவ்வளவு அடித்தார்கள் என்று கேட்டேன். நம் அலுவலகத்தில் பதிவே இல்லை. ஒவ்வொரு மாதமும் பில் மட்டும் பாஸ் செய்திருக்கிறோம்.

எலி மருந்து இன்னொரு கதை. கேக் மாதிரி வைக்கிறார்களே, அதைத் தின்ற எலி உடனே சாகாது. இரத்தம் உறையாமல், தள்ளாடிக்கொண்டு சில நாள் திரியும். அப்படிப்பட்ட எலிதான் ஆந்தைக்குச் சுலபமாகக் கிடைக்கும். விஷம் ஆந்தையின் ஈரலில் சேரும். பூனைக்கும் இதே கதிதான். எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டுவைப்பார் என் அப்பா. ராத்திரி ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்க. ஆந்தைக்கு உட்கார இடம் கொடுத்தவர் மகன் நான். இங்கே அதற்கு விஷ எலி பரிமாறிக்கொண்டிருக்கிறேன்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டெங்கு உறுதியானால் மாநகராட்சியைக் கூப்பிட்டுப் புகை போடுவோம். கரையான் வந்த வீட்டில் அந்த இடத்துக்கு மட்டும் மருந்து வைப்போம். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை வேண்டாம் என்கிறோம் அல்லவா, அதுபோலத்தான். என் வேண்டுகோள் நான்கு.

ஒன்று. காலண்டர்படி தெளிப்பது நிற்கட்டும். முதலில் பரிசோதனை, தேவை இருந்தால் அந்த இடத்தில் மட்டும் மருந்து. கரப்பானுக்கு வீட்டுக்குள் ஜெல் வைத்தாலே பெரும்பாலும் போதும்.

இரண்டு. திறந்தவெளியிலும் மழைநீர் வடிகாலிலும் தெளிப்பு வேண்டாம். மழை அறிவிப்பு இருக்கும் நாளில் வெளியில் எதுவுமே வேண்டாம். தெளிப்பான் கழுவிய தண்ணீரை வடிகாலில் ஊற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

மூன்று. ஒப்பந்தக்காரரின் உரிமத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மருந்தின் பெயர், அளவு, இடம், தேதி பதிவேட்டில் ஏற வேண்டும். டப்பாவில் ஒரு சதுரத்துக்குள் நிறம் இருக்கும். சிவப்பு கடும் விஷம், பிறகு மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. அந்த நிறம் மனிதனுக்கு எவ்வளவு ஆபத்து என்பதைத்தான் காட்டும். மீனுக்கு என்ன ஆகும் என்று தெரிய, துண்டுச்சீட்டையும் படிக்க வேண்டும். பதிவேடு எழுதும் வேலையை நான் சம்பளமில்லாமல் ஏற்றுக்கொள்கிறேன்.

நான்கு. ஞாயிறு காலை ஒவ்வொரு வீட்டிலும் பத்து நிமிடம். ஃப்ரிட்ஜ் தட்டு, பூந்தொட்டித் தட்டு, ஏ.சி. தண்ணீர் வாளி, மாடித் தொட்டி மூடி. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை காய்ந்த தட்டில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். குப்பைத் தொட்டிக்குச் சரியான மூடி போட்டு, சுவர் ஓட்டைகளை அடைத்து, கூண்டு வைத்தால் எலிக்கும் வழி பிறக்கும்.

இதை ஒரு வருடம் செய்து பார்ப்போம். கொசு கூடியது, காய்ச்சல் கூடியது என்றால் அடுத்த பொதுக்குழுவில் பழைய ஒப்பந்தத்துக்கு நானே கை தூக்குகிறேன்.

என் பேத்தி இப்போது நான்காம் வகுப்பு. சனிக்கிழமை மாலை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போகச் சொல்லி அடம் பிடிப்பாள். போன தை மாதம் கூழைக்கடாக்களை எண்ணி நோட்டில் எழுதி வைத்தாள். இருபத்து மூன்று. இந்த வருடமும் எண்ண வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள். மழைக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் தட்டைக் கழுவுவது இப்போது அவள் வேலை. எனக்கு ஞாபகப்படுத்துவதும் அவள்தான்.

ஆறாவது பொருளில் இந்த நான்கு திருத்தங்களோடு வாக்களிக்குமாறு கேட்டுக்கொண்டு, கூடுதலாக எடுத்துக்கொண்ட நிமிடங்களுக்கு மன்னிப்புக் கேட்டு அமர்கிறேன்.