நம் தெருவும் ஆற்றங்கரையும் நம் கண்ணால்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஒளிப்படம் எடுப்பதைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். ஒளிப்படமும் ஓர் எழுத்துத்தான். ஏடும் எழுத்தாணியும் பிறர் கையில் இருந்த காலத்தில் நம் முன்னோரின் வாழ்வு எழுதப்படாமலே போயிற்று. இன்று கூலி வேலைக்குச் செல்லும் இளைஞன் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் ஒரு காமிராவும் இருக்கிறது. இந்த எழுத்தாணியை வைத்துக்கொண்டு நாம் என்ன எழுதப் போகிறோம் என்பதே இன்றைய கேள்வி.

சற்று வரலாற்றைப் பார்ப்போம். 1839ஆம் ஆண்டு பாரிசில் டாகெர் என்பவரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1856இல் சென்னையில் ஒளிப்படச் சங்கம் தோன்றிவிட்டது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலப் படை அதிகாரி மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். கோபுரங்களுக்குப் பிறகு காமிரா மக்கள் பக்கம் திரும்பியது. எப்படித் திரும்பியது? 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 8 தொகுதிகள் லண்டனில் வெளிவந்தன. சாதி வாரியாக, குலம் வாரியாக மனிதர்களை நிறுத்தி எடுத்த 400க்கும் மேற்பட்ட படங்கள் அவற்றில் உள்ளன. பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி அவர் ரங்காச்சாரியின் துணையுடன் எழுதிய நூல் 1909இல் 7 தொகுதிகளாக வெளிவந்தது. அதிலும் படங்கள் உண்டு.

அத்தகைய படங்களில் மனிதன் இருக்கிறான். அவன் பெயர் பெரும்பாலும் இல்லை. சாதியின் பெயரே அவன் பெயராக நிற்கிறது. அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பொருளைப் போல அவனை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று மகிழ முடியுமா? குடிசை எரிந்தால் நம் தெரு செய்தித்தாளில் வருகிறது. வெள்ளம் புகுந்தால் வருகிறது. சாக்கடைக் குழியில் ஒருவர் மாண்டால் வருகிறது. மற்ற நாள்களில் நாம் சமைக்கிறோம், படிக்கிறோம், சிரிக்கிறோம், கடன் வாங்கியேனும் பெண்ணுக்கு வளைகாப்பு நடத்துகிறோம். அவற்றை எடுக்க எவரும் வருவதில்லை. துயரத்தைப் படமெடுப்பது குற்றம் அன்று, அது தேவை. ஆனால் துயரம் மட்டுமே நம் முகவரி ஆகிவிடலாகாது.

இதை நன்கு உணர்ந்தவர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ். 1900ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு அவர் சுமார் 360 படங்களைத் திரட்டிக் கொண்டு சென்றார். வீடு, கடை, பள்ளி, கோயில், நல்லுடை அணிந்த குடும்பம் என நாள்தோறும் காணும் காட்சிகளே அவற்றில் நிறைந்திருந்தன. ‘நாங்களும் இப்படித்தான் வாழ்கிறோம்’ என்று உலகுக்கு உரைக்க அவையே போதுமானவையாக இருந்தன.

நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. மதுரை மாவட்டம் வாடிப்பட்டியில், நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஒரு பள்ளியையே தொடங்கியவர் பொன்னுத்தாய் அம்மையார். அவருடைய பேரன் ஜெய்சிங் நாகேஸ்வரன் இன்று பல நாடுகளில் அறியப்பட்ட ஒளிப்படக் கலைஞர். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பிய அவர், தம் குடும்பத்தையும் வீட்டையுமே படமெடுத்தார். பாட்டி பள்ளி கட்டினார். பேரன் படம் எடுத்தார். இரண்டும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்றே நாம் கருதுகிறோம். அதே மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் பழனிக்குமார். அந்தத் தாயின் உழைப்பையும், துப்புரவுப் பணியாளரின் வாழ்வையும் அவர் படமாக்கினார். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அக்கலையைக் கற்பித்தார். 2022இல் தயானிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருது முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். எதைப் படமெடுப்பது? தாஜ்மகாலுக்குப் போக வேண்டியதில்லை. மணிமுத்தாற்றங்கரைக்குப் போனால் போதும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு வடகிழக்குப் பருவமழையில் நிறம் மாறுவதை எடுங்கள். மாசி மகத்தன்று முன்னோர்க்குக் கடன் செய்யக் கூடும் கூட்டத்தை எடுங்கள். பழமலைநாதர் கோபுரத்தை எல்லோரும் எடுத்துவிட்டார்கள்; அதன் நிழலில் பூக்கட்டும் கையை எடுங்கள். ரயில் சந்திப்பில் இறங்கும் கூலியாள்களை, பூங்காப் பலகையில் பாடம் படிக்கும் பிள்ளையை எடுங்கள்.

ஆற்றங்கரையும் பூங்காவும் ஏன் என்று கேட்கலாம். அவை பொது இடங்கள். பொது இடம் என்ற சொல் நமக்கு எளிதாகக் கிடைத்ததன்று. பொதுச் சாலை, கிணறு, குளம், மக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடு நகரின் சவுதார் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிப் பருக அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடக்க வேண்டியிருந்தது. ஆகவே, நம் வீட்டுப் பாட்டி மாலை வேளையில் பூங்காப் பலகையில் கால் நீட்டி அமர்ந்திருக்கும் படம் சாதாரணப் படம் அன்று. வென்றெடுத்த உரிமை நாள்தோறும் கையாளப்படுகிறது என்பதற்கு அது சான்று.

அடுத்து, நம் ஊரின் பெருமையான பீங்கான் தொழில். கார்த்திகை நெருங்கும்போது அகல் விளக்குகளும் பொம்மைகளும் பலகை பலகையாகக் காய்வதை வெளியூரார் வந்து எடுத்துச் செல்கிறார்கள். பொம்மை படத்தில் விழுகிறது. அதைச் செய்த பெண் விழுவதில்லை. களிமண் குழம்பை அச்சில் ஊற்றும் கை, அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைக்கும் விரல், சூளையைத் திறக்கும்போது மனிதர் முகத்தில் தெரியும் கவலை ஆகியவற்றை எடுக்க நம்மைவிடத் தகுதியானவர் யார்?

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பொம்மைகளின் நடுவே கறுத்த முகம் இருந்தால், கைப்பேசி வெள்ளையின் வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், முகம் இருண்டுவிடும். ஆகவே திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தை முகத்துக்கு ஏற்ப அமையுங்கள். உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலை, மாலைச் சாய்வெயிலில் எடுங்கள். இக்குறைக்கும் ஒரு வரலாறு உண்டு. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கப் பல்லாண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையே அளவுகோலாக வைத்திருந்தது. அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த முகங்கள் மங்கிப்போயின. இன்றைய கைப்பேசியிலும் முகத்தை வெளுக்கச் செய்யும் வசதி வருகிறது. இளைஞர்களே, அதை அணைத்துவிடுங்கள். நம் தாயின் நிறத்தைத் திருத்தும் உரிமை எந்தக் கருவிக்கும் இல்லை.

சில ஒழுங்குகளையும் கடைப்பிடிக்க வேண்டும். கேட்காமல் எவரையும் எடுக்காதீர்கள். “அக்கா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்பதில் நம் மதிப்புக் குறையாது. வேண்டாம் என்றால் வணங்கி நகருங்கள். குளிப்பவரை, அழுபவரை, போதையில் கிடப்பவரை எடுக்காதீர்கள். எடுத்த படத்தை அவர்களிடம் காட்டுங்கள். இயன்றால் அச்சிட்டுக் கொடுங்கள். நம்மைப் பொருளாக்கியவர்கள் செய்ததை நாமே நம்மவர்க்குச் செய்யலாகாது.

படத்தை எடுத்தால் மட்டும் போதாது. பெயர், இடம், நாள், செய்யும் தொழில் ஆகிய நான்கையும் உடனே எழுதி வையுங்கள். பெயர் வெளியே தெரியலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பெயரில்லாத படம் தர்ஸ்டன் காலத்துப் படமாகிவிடும். கைப்பேசி பழுதானால் படமும் போய்விடும். ஆகவே நல்லவற்றைத் தேர்ந்து அச்சிட வேண்டும். சங்கத்திற்கு நம் வேண்டுகோள் இதுதான்: ஆண்டுக்கு ஒரு தொகுப்பேடு வைக்க வேண்டும். அதில் 50 படங்கள் போதும். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு மாணவன் அல்லது மாணவி தன் கையெழுத்தில் நான்கு வரி எழுத வேண்டும். அடுத்த 25 ஆண்டில் நம் கையில் 1250 படங்கள் இருக்கும். பொன்விழாவில் பேச வருபவர், நம் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறெவர் நூலையும் புரட்ட வேண்டியிருக்காது.

எழுதப் படிக்கக் கற்றோம், எண்ணவும் கற்றோம். இனி நம் கண்ணால் நம்மைப் பார்க்கவும் கற்போம். அடுத்த ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், ஆற்றங்கரையில் தொடங்குவோம்.